எல்லை தாண்டிய ஆடு

14-10-1996, திங்கள்

இன்று திண்டுக்கல் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். வாசல் பலகையை யாரையும் கேட்காமல் நானே வாசித்தேன். எழுபது வயதில் எழுத்துக் கற்ற எனக்கு அது பெரிய சந்தோஷம். உள்ளே இருந்த ஆள்தான் அந்தப் பலகைக்கு லாயக்கில்லை.

அரபு நாட்டில் முதலாளியின் அடி பொறுக்காமல் என் மகன் சவரிமுத்து நம் நாட்டுத் தூதரகத்துக்கு ஓடினான். அங்கிருந்த நம் அதிகாரி அவன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். காரணமும் சொல்லவில்லை, நாலு மாதமாகத் திருப்பியும் தரவில்லை. அது இல்லாமல் அவன் ஊர் திரும்ப முடியாது.

வக்கீல் சிரித்தார். "பெரியவரே, நம்ம அரசியல் சட்டமெல்லாம் நம்ம எல்லையோட சரி. அங்க நடக்குறத இங்க கேக்க ஏலாது."

"ஏன்யா, அய்யலூர் சந்தைக்கு ஓட்டிப் போறப்ப என் ஆடு அடுத்த ஊர்க் கடலைய மேஞ்சுருது. எல்லை தாண்டிருச்சு, இனி அது என் ஆடு இல்லன்னு நான் சொன்னா விடுவாய்ங்களா?"

"சட்டம் படிச்சது நானா, நீங்களா?"

"நீங்கதான். நான் இப்பத்தான் ஆனா ஆவன்னா முடிச்சிருக்கேன்."

அந்த அதிகாரி கடல் தாண்டும்போது அதிகாரத்தை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு, சட்டத்தை இங்கேயே விட்டுப் போனாராம். இதைச் சொல்ல ஒரு கறுப்புக் கோட்டு.

ஐகோர்ட்டுக்கு நானே எழுதுகிறேன். 'என் மகனின் பாஸ்போர்ட்டை வைத்திருப்பவர் நம் அரசாங்கத்தின் ஆள்' என்று முதல் வரி முடிந்தது. விரல் வலிக்கிறது. அடுத்து மகனின் பெயர். அதை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.