குமுளிக்குப் போய் வந்தேன்

அன்பு மகள் ஹேமாவதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அண்ணனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் சுகம் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுவாய், அதனால் கேட்காமலே ஆரம்பிக்கிறேன். என் குரல் கொஞ்சம் கம்மினாலும் சிக்னல் இல்லை என்று போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதி, அண்ணன் சசிதரனிடம் இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு நீ சொன்னதிலேயே என் மனம் நிற்கிறது. நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அந்தப் பெரியவர் இறந்ததும், அவர் மனைவி உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள் என்றாய். "திருப்பித் திருப்பி என்னமோ கேட்டாக, எனக்கு ஒண்ணும் விளங்கலம்மா, தலைய மட்டும் ஆட்டுனேன்" என்றாயே. ஜெர்மன் பரீட்சையில் தேறிய உனக்கே விளங்காததற்கு நான் என்ன சொல்லித் தருவேன். தலைவலி என்றாலும் பற்றுப் போட உன் நெற்றி எனக்கு எட்ட வேண்டுமே.

அப்பா மழையில் வெடித்த திராட்சையைக்கூடப் பறிக்காமல் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, போனில் உங்கள் ஊர்க் குளிர் எவ்வளவு என்று பார்க்கிறார். கிளம்பி வரச் சொல் என்பார். நான் போனை எடுத்தால், "வேணாம், நம்ம பேச்சக் கேட்டு வந்துட்டு நாளைக்கு வருத்தப்படும்" என்பார். நானும் போனைக் கீழே வைத்துவிடுவேன்.

குமுளியில் குடியிருந்து ஏலக்காய் தரம் பிரிக்கப் போகும் உன் மலையம்மாள் சித்திதான் சொன்னாள், அவள் பக்கத்து வீட்டு மேரிக்குட்டியின் மகள் லிஸியும் நீ இருக்கும் ஊருக்கு அடுத்த ஊரில் நர்ஸ் என்று. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். அந்த வீட்டு வாசலில் நின்றதும் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அழுதுவிட்டேன். மேரிக்குட்டி பால் விடாத கட்டன்சாயா கொடுத்து, "பேடிக்கண்டா, பயப்படாதீங்க, லிஸி போய்ப் பார்க்கும்" என்று தேற்றி, அப்போதே மகளைப் போனில் பிடித்தார்கள். லிஸியும் முதல் வருஷம் தினமும் அழுதாளாம். இப்போது ஊருக்கு வரச் சொன்னால் நேரமில்லை என்கிறாளாம். அதைச் சொல்லிவிட்டு மேரிக்குட்டி சிரித்தார்கள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

திரும்பும்போது நம் ஊர் அனுமந்தன்பட்டியில் இறங்காமல் வீரபாண்டி வரை போய்விட்டேன். கௌமாரியம்மன் முன்னால் நின்றேன். என் பிள்ளை அங்கே வேர்பிடிக்கட்டும் என்று கேட்டால் நீ எனக்கு இல்லை. திருப்பி அனுப்பு என்று கேட்டால் நீ பட்ட பாடெல்லாம் வீண். ஒன்றும் கேட்காமல் விபூதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லிஸி உன்னைப் பார்க்க வருகிறாள். வீட்டில் இல்லாததுபோல் இருந்துவிடாதே, கதவைத் திற. சோறு பொங்க முடியாவிட்டால் அவள் பொங்கட்டும், நீ சாப்பிட்டால் போதும். அங்கேயே இருந்தாலும், கிளம்பி வந்தாலும், இந்த வீட்டில் உன்னை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டோம். அம்மன் உன் கூடவே இருக்கட்டும் ஆத்தா. லிஸி வந்து போன பிறகு எனக்குப் போன் போடு. பேச வராவிட்டால் பரவாயில்லை, உடனே வைக்காமல் சும்மா கொஞ்ச நேரம் இரு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மகாலட்சுமி