அண்ணா, உன் வயிற்றில் இருந்தது எனக்கும் இருக்கிறது

பாசமுள்ள அண்ணா,

நீ போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் உன்னோடு மனசுக்குள் பேசியிருக்கிறேனே தவிர, எழுதியதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் பயம். யாரிடம் சொன்னாலும் "உனுக்கு ஒண்ணியும் ஆவாது" என்கிறார்கள். உனக்கு ஆயிற்று. அதனால் நீயாவது அப்படிச் சொல்ல மாட்டாய்.

போன வருஷம் பங்குனியில் எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. கல்லாக இருக்கும் என்று காஞ்சிபுரத்துக்கு ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். கல் இருந்தது, கடுகளவு. ஆனால் ஸ்கேன் எடுத்த பெண் கையை அத்துடன் எடுக்கவில்லை. தொப்புளுக்கு மேலே ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் இன்னொரு டாக்டரை அழைத்து வந்தாள். "ஐயா, வயித்துல துடிக்கிற மாதிரி தெரியுமா?" என்று கேட்டார் அவர். இல்லை என்றேன். அன்றிலிருந்துதான் தெரிகிறது.

ரத்தக்குழாய் டாக்டரம்மா ஒருவரிடம் போகச் சொன்னார்கள். பொறுமையான அம்மா. இதயத்திலிருந்து ஒரு பெரிய குழாய் வயிற்றுக்குள் இறங்கி வருகிறதாம். அது எனக்கு ஒரு இடத்தில் உப்பியிருக்கிறதாம். இரண்டு சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்க வேண்டியது, நாலு புள்ளி ஒன்று. முப்பது வருஷமாகப் பம்ப்செட் மோட்டார் மெக்கானிக்காக இருக்கிறேன், உப்பிப்போன குழாய் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இது சின்னதுதான். இந்த அளவுல வெடிக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம். இப்ப ஆபரேஷன் பண்ணா அதுல இருக்கிற ஆபத்துதான் அதிகம். அஞ்சரைகிட்ட போனா யோசிக்கலாம். அதுவரைக்கும் அளந்து பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னதில் என் காதில் நின்றது ஒரே வார்த்தை. வெடிக்கிறது.

அப்புறம் அவர் கேட்டார்: "உங்க குடும்பத்துல யாராவது திடீர்னு வயித்துவலி, முதுகுவலின்னு சொல்லி, மயங்கி விழுந்து இறந்திருக்காங்களா?"

உன்னைத்தான் நினைத்தேன், அண்ணா.

நீ போன அன்றைக்கு உன் கொல்லையில்தான் இருந்தேன். உன் பம்ப்செட்டின் ஸ்டார்ட்டர் டப்பாவைக் கழற்றி வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த நீ இடுப்பைப் பிடித்தபடி வந்தாய். "முதுவு புடிச்சிக்கினு கீதுடா. வயித்துல வேற இன்னாவோ பண்ணுது" என்றாய். நான் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. "கேஸா இருக்கும்ணா. ஒரு சோடா குடி, சரியாப்பூடும்." நீயும் சரி என்று போய் உட்கார்ந்தாய்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது உன் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. சட்டை பூராவும் வேர்வை. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டார்கள். வேன் பிடித்தோம். பாலாற்றுப் பாலம் வருவதற்குள் என் கையை இறுக்கிப் பிடித்து, "இன்னாடா இது, கண்ணு இருட்டிக்கினு வருது" என்றாய். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. உனக்கு இருக்கிறதா?

பாலத்தைத் தாண்டுமுன் நீ போய்விட்டாய். ஹார்ட் அட்டாக் என்றார்கள். நாமும் அப்படியே நம்பிவிட்டோம். இதையெல்லாம் சொன்னபோது டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதுவா இருக்கலாம். இப்ப உறுதியா சொல்ல வழியில்ல. ஆனா இருக்கலாம்." நான் சோடா கொடுத்த கதையையும் சொன்னேன். "வெடிச்சப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளயே இருந்தாக்கூட நிறைய பேர் பிழைக்கிறதில்லைங்க" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா? நீ முதலில் சொன்னபோதே நான் எழுந்திருந்தால்?

அன்று முதல் நான் பழைய ஆள் இல்லை. தும்மல் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன். கிணற்றிலிருந்து மோட்டாரைத் தூக்க ஆள் வைத்துக்கொள்கிறேன். பீடியை அன்றே விட்டேன், ஏனென்றால் அந்த உப்பலை வளர்ப்பதில் என் கையில் இருப்பது புகை ஒன்றுதான் என்றார்கள். நாம் ஒரு பீடிக்கட்டைப் பாதிப் பாதி பிரித்துக்கொண்டதுதான் நினைவுக்கு வருகிறது. பிரஷருக்கு மாத்திரை விடாமல் போடுகிறேன். சாப்பிட்டுக் கொஞ்சம் சாய்ந்தால் போதும், அங்கே டொக் டொக் என்று கேட்கிறது. என் வீட்டுக்காரி செல்வி திட்டுகிறாள்: "இன்னாத்துக்கு எப்பப் பாத்தாலும் வயித்துமேல கைய வெச்சிக்கினு கீற? புள்ளத்தாச்சி மாறி." சொல்லிவிட்டு அவளே சமையல்கட்டில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

ஆடி மாதம் ஒரு நாள், பக்கத்து ஊரில் மோட்டாருக்குக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன். முதுகு சட்டென்று பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நிலத்துக்காரர் 108-க்கு போன் போட்டார். வண்டிக்குள் இருந்த நர்ஸம்மாவை, "பாலம் வந்துடுச்சா, பாலம் வந்துடுச்சா" என்று கேட்டுக்கொண்டே போனேனாம். பாலத்தைத் தாண்டினால் பிழைத்துவிடுவேன் என்று எப்படியோ மனசில் பதிந்திருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். அதே நாலு புள்ளி ஒன்று. வெறும் சதைப்பிடிப்பு. எல்லார் எதிரிலும் வெட்கமாகிவிட்டது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க வந்தது சரி. இன்னொரு வாட்டி இப்படி வலிச்சாலும் வாங்க. பத்து வாட்டி சும்மா வந்தாலும் பரவால்ல."

அதற்குப் பிறகுதான் அண்ணியிடம் போய்ச் சொன்னேன். உன்னிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். நீ போன நாளிலிருந்து அண்ணி கருவாட்டுக் குழம்பே வைப்பதில்லை. பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அண்ணி கேட்டது: "அன்னிக்கு முந்தின நாளு கருவாட்டுக் கொயம்பத்தான் சுட வெச்சிப் போட்டேன். அதான் வயித்துல ஒத்துக்காம... நான்தான் அவர முடிச்சிட்டேன்னு நெனச்சிக்கினு கீறேன். அப்ப அது நான் இல்லியா?"

"நீ இல்ல அண்ணி. குழாய்தான்."

உன் சாவுக்குக்கூட அவ்வளவு அழவில்லை அண்ணி. அழுது ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் வயிற்றைப் பார்த்தது. "அப்ப உனுக்கு?" என்றது. ஒன்பது வருஷப் பாரத்தை அதனிடமிருந்து இறக்கிவிட்டு, இன்னொன்றை ஏற்றிவிட்டேன் போலிருக்கிறது.

உன் மகன் பிரபுவுக்கும் சொன்னேன். ஒரகடம் கம்பெனியில்தான் இன்னும் இருக்கிறான், நாற்பத்திரண்டு ஆகிவிட்டது. இது கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரக்கூடியது, அவனும் சிகரெட்டை விட வேண்டும், ஒருமுறை ஸ்கேன் பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "வாணாம் சித்தப்பா. தெரிஞ்சிக்கினு நான் எப்படி நிம்மதியா இருக்கிறது? உன்னையே பாக்கிறனே." தெரிந்துகொண்டு நிம்மதியாக இருப்பது எப்படி என்று எனக்கும் தெரியாதே.

இந்தத் திங்கட்கிழமை வருஷ ஸ்கேன். செல்விக்குக் காய்ச்சல் என்பதால் பிரபு லீவு போட்டு என்னைக் கூட்டிப் போனான். அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

நாலு புள்ளி மூன்று.

வளர்ந்திருக்கிறது, அண்ணா. "வருஷத்துக்கு ரெண்டு மில்லிமீட்டர். மெதுவாத்தான் போவுது. இன்னும் சின்னதுதான்" என்றார் டாக்டரம்மா. இந்தக் கணக்கில் அஞ்சரைக்குப் போக ஆறு வருஷம் ஆகும் என்று நான் உடனே விரல் விட்டுப் பார்த்தேன். "இதே வேகத்துலதான் வளருமா மேடம்?" என்றேன். "யாராலயும் சொல்ல முடியாதுங்க. அதுக்குத்தான் அளக்கிறோம்." பொய் சொல்லாத அந்த அம்மாவைக் கும்பிடுவதா, கோபித்துக்கொள்வதா?

வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்ததுமே பிரபு எழுந்துவிட்டான். "எவ்ளோ?" என்றான். சொன்னேன். உன்னைப் போலவே இடது காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்:

"வயித்துல தடவுறாங்களே, அந்த ஜெல்லு ரொம்ப சில்லுனு இருக்குமா சித்தப்பா?"

"இருக்கும்டா. மொதல்ல மட்டும்தான்."

வியாழக்கிழமை ஸ்கேனுக்கு அவனே தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான்.

எனக்குப் பயம் போகவில்லை. இரட்டிப்பாகியிருக்கிறது. அவனுக்கு என்ன எண் வருமோ என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வியாழக்கிழமை நான் அவனோடு உள்ளே போவேன். அந்தக் கட்டிலின் பக்கத்திலேயே நிற்பேன். எந்த எண் வந்தாலும் அவனிடம் மறைக்க மாட்டேன், அவனைத் தனியாகப் பயப்பட விடமாட்டேன். எனக்கு இருக்கிற வருஷம் எத்தனையோ, அத்தனை வருஷமும் ஸ்கேனுக்கு அவன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.

உன்னைவிட வயதில் மூத்துப்போன உன் தம்பி,
முருகேசன்