மணிக்குக் கீழே இருந்த அட்டை

தம்பிக்கு அண்ணன் எழுதுவது.

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். உன்னைப் போன்றவர்களுக்கு ஜலதோஷம்கூடப் பிடிக்காது. எனக்கு முழங்கால் வலி. மற்றபடி இருக்கிறேன்.

கையெழுத்தைப் பார்த்து விழித்திருப்பாய். இது என் கை. எழுபத்தொரு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். இத்தனை வருடம் உனக்கு வந்த கடிதமெல்லாம் மருந்துக்கடைக்காரர் எழுதியவை. நான் உன்னைத் திட்டத் திட்ட, அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டே ‘எப்போதும் உன் நினைவாகவே இருக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறார். போன மாதம்தான் ஒப்புக்கொண்டார். “நீங்க சொன்னதை அப்படியே எழுதியிருந்தா கவர் தீப்பிடிச்சிருக்கும் பெரியவரே” என்றார். இனி நடுவில் ஆள் இல்லை. நேராகவே திட்டலாம். என்ன சுகம் தெரியுமா! இதுவரை எழுதியதற்கே ஒரு காலைப்பொழுது முழுதும் ஆகிவிட்டது. ஆனால் எனக்கு அவசரமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பாலம் வந்து படகு நின்ற பிறகு, நம் படகுத்துறைச் சீட்டு அறையை ஊர்க்காரர்கள் அருங்காட்சியகம் ஆக்கியது உனக்குத் தெரியும். இரண்டே அறை. துடுப்புகள், சீட்டுப் பெட்டி, வெள்ளம் வந்த உயரத்துக்குக் கோடு போட்ட சுவர், அப்புறம் ஆற்றில் ஆபத்தென்றால் அடிக்கும் அந்த மணி. திறப்பதும் பெருக்குவதும் துடைப்பதும் நான். கூரை ஒழுகுகிறது. பெரிய படகு உள்ளே இடமில்லாமல் வெளியில் தார்ப்பாய்க்குக் கீழே மக்குகிறது. பக்கத்துக் கிடங்கை வாங்கிவிட்டால் அதை உள்ளே கொண்டுவரலாம். நிதி திரட்ட நாங்கள் செய்யாதது இல்லை. முடிவெட்டும் கடையில் உண்டியல் வைத்தோம். ஞாயிறுதோறும் நான் படகு முடிச்சுகளைப் போட்டுக் காட்டினேன், பார்க்கச் சீட்டு. முடிச்சைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் உறவுக்காரர்கள், சீட்டே எடுக்கவில்லை. கிடைத்தது பாதிக் கூரைக்குத்தான் காணும். மழைக்கு இன்னும் ஆறு வாரம்.

அப்போதுதான் நீ போன் செய்தாயாம். கூரை, கிடங்கு எல்லாம் உன் செலவு என்றாயாம். மணிக்குக் கீழே ஓர் அட்டை மாட்டிப் படம் எடுத்து அனுப்பினால் பணம் வரும் என்றாயாம். அட்டையில் என்ன எழுத வேண்டும் என்றும் நீயே சொல்லியிருக்கிறாய். அருங்காட்சியகச் செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். நம் தம்பி கொடுக்கிறான் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். அட்டை வந்த பிறகு பதினாறு நாள் காலையில் அதைத்தான் முதலில் துடைத்தேன். அதற்குப் போட்ட கண்ணாடியில் வாயால் ஊதி, வேட்டி நுனியால். பணம் கொடுத்தவன் என்று உன் பெயர் இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

எங்களுக்குப் பாடம் எடுப்பவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்கார அம்மா. வகுப்பு அருங்காட்சியகத்தின் முன்னறையில்தான். அன்றைக்கு அவர், “புத்தகத்தை மூடுங்க. சுத்திப் பாத்து நீங்களா ஒண்ணைப் படிச்சுக் காட்டுங்க” என்றார். எல்லாரும் சின்னதாகத் தேடினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உன் அட்டைக்கு முன்னால் போய் நின்றேன். ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தேன். படகு கவிழ்ந்த அன்று ஒரு மணி நேரம் விடாமல் இந்த மணியை அடித்து, மற்றப் படகுகளை வரவழைத்து, முப்பத்தொரு உயிரைக் காப்பாற்றியவர் என்று உன் பெயர். எல்லாரும் கைதட்டினார்கள். நான் முதல் முறையாகப் பிழையில்லாமல் படித்திருந்தேன்.

அடேய், வெட்கமாக இல்லையா உனக்கு? மணிக்காரன் நீதான். ஆனால் அந்த மத்தியானம் நீ எங்கே இருந்தாய்? சைக்கிள் கடைக்குப் பின்னால் சீட்டாடிக்கொண்டிருந்தாய். துவைத்துக்கொண்டிருந்த நம் அக்கா ஈரப் புடவையோடு ஓடிப் போய் அந்தக் கயிற்றைப் பிடித்தாள். இரண்டு உள்ளங்கையும் உரிந்துவிட்டன. நான் என் படகில் ஏற்றிக் கரை சேர்த்த ஆட்களை இறக்கிவிட்டு வந்தபோது, கயிறு சிவப்பாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: “சின்னவன் அடிச்சான்னே இருக்கட்டும்டா. வேலை போயிடும்.” அடுத்த மாதமே நீ கப்பல் ஏறிவிட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை, நாற்பது வருடம். கடைசிவரை அவளுக்கு வலது கை முழுதாக மூடவில்லை. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள். நீ அதைப் பார்த்ததில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் நீ வரவில்லை.

உன்னைக் காப்பாற்றக் கேட்டாள், காப்பாற்றினேன். அவள் பட்ட வலியை உன் பெயரில் மாட்டவும் சொன்னாளா?

அன்றே அட்டையைக் கழற்றிவிட்டேன். செயலாளர் ஓடி வந்தார். “பெரியவரே, உங்களுக்குக் கூரை வேணுமா, அட்டையில எழுத்து வேணுமா?” என்று கத்தினார். ரெண்டும்தான் வேணும் என்றேன். சாவிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்கிறார். பார்க்கட்டும். தபால்கார அம்மா மட்டும் ஒரு புது அட்டையை வெட்டிக் கொடுத்தார்.

அதில் அக்கா பெயரை நான் எழுதினேன். நான்கு அட்டை வீணாயிற்று. ஐந்தாவது நன்றாக வந்திருக்கிறது. இப்போது மணிக்குக் கீழே அதுதான் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை படம் எடுப்பார்கள், அந்த அட்டையோடு. படம் உனக்கு வரும். பார்த்துவிட்டுப் பணம் அனுப்பு, அனுப்பாமலும் இரு. அனுப்பாவிட்டால் தார்ப்பாயைக் கூரைமேல் போட்டுவிட்டு, படகோடு நானும் நனைகிறேன். உன் அட்டையை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். உன் வீட்டில் மாட்டிக்கொள். அங்கே உண்மை தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

பதிலை உன் கையால் எழுது. உன் ஆபீஸ் ஆள் தட்டிய கடிதம் வந்தால் படிக்காமல் கிழிப்பேன். இப்போதெல்லாம் எது எது என்று எனக்குத் தெரியும்.

என்னைவிட நீ நீண்ட காலம் இருக்க வேண்டும். ஒரு தடவை வா. வந்தால் அந்த மணியை நீயே அடி. கயிறு மாற்றிவிட்டேன், பருத்திக் கயிறு. கை உரியாது.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாக இருக்கும்
அண்ணன்