மதினி சொன்ன பத்தியம்

சிலமலை

அன்புள்ள மதினி குருவம்மாள் அவர்களுக்கு, முத்துப்பேச்சி எழுதிக்கொள்வது. திருப்பூரில் நீங்களும் அண்ணனும் உங்கள் மகனும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம். என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, சௌக்கியமாக இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே ஒப்பாரி வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் கவிழ்ந்து அவருக்குக் குடல் கிழிந்ததே, அந்த ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு தையல் பிரிந்துவிட்டது. ஆள் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார். டாக்டரம்மா என்னைப் பிடித்துத் திட்டினார். ஆபரேஷனுக்கு முன்னாலேயே உடம்பில் சத்து இல்லை, முட்டையும் பருப்பும் மீனும் கொடு என்று படித்துப் படித்துச் சொன்னேனே, என்னதான் கொடுத்தாய் என்று கேட்டார். ரசம் ஊற்றிப் பிசைந்த சோறும் சுட்ட அப்பளமும் என்றேன். முட்டை, பருப்பு தின்றால் புண் சீழ் பிடிக்கும், எங்கள் மதினி சொல்லியிருக்கிறார் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். உடம்பு தேறாமல் மறுபடி தைக்க முடியாது, இப்படியே விட்டால் ஆள் தங்கமாட்டார் என்று சொல்லி அனுப்பினார்.

நீங்கள் சொன்னதுதானே மதினி. என் வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்தபோது எங்கள் அடுப்படி உங்கள் கையில்தான் இருந்தது. பச்ச ஒடம்புக்காரிக்கு ஆகாது என்று எனக்கு அதே ரசம், அதே அப்பளம். தண்ணீர்கூட அளந்துதான். எங்கள் கோழி இட்ட முட்டையை உங்கள் மகனுக்கு அவித்துக் கொடுத்தீர்கள். பசியில் எனக்கு அந்த வாசம் தாங்கவில்லை. உங்கள் தம்பியிடம் ஒரே ஒரு முட்டை கேட்டேன். அக்கா சொன்னா சரியாத்தேன் இருக்கும் என்றார். எனக்கும் தையல் பிரிந்தது. மார் வற்றியது. பேர்கூட வைக்காத பிள்ளை பாலுக்கு அழுதது, பிறகு அழவும் தெம்பில்லாமல் போனது. ஆண்டவன் எடுத்துக்கிட்டான் என்றீர்கள்.

இப்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு முட்டை குடு ஆத்தா என்று கேட்கிறார். அக்கா சொன்னா சரியாத்தேன் இருக்கும் என்று சொல்லிவிட்டு ரசச் சோற்றை வைத்தேன். பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனசு இறங்க மாட்டேன் என்கிறது.

வெரசா வாருங்கள் மதினி. அவர் முன்னால் நின்று, நான் சொன்ன பத்தியம் தப்பு, அதில்தான் உன் பிள்ளை போச்சு என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். கோழி இட்ட முட்டை கூடையில் இருக்கிறது, அந்த நிமிஷமே அவித்துக் கொடுக்கிறேன். வராவிட்டாலும் வருத்தமில்லை. உங்கள் பத்தியத்தை ஒரு நாளும் தவறவிட மாட்டேன்.

உங்கள் மகன் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி
முத்துப்பேச்சி