போயிட்டு வாங்க டீச்சர்

அன்பு மகள் சுகுணாவுக்கு அப்பா எழுதுவது. என் முழங்கால் வலியைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம், துபாயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க அய்யனார் பார்த்துக்கொள்வார். கட்டிடங்களுக்கு ஏ, பி, சி என்று தரம் போடுவது உன் உத்தியோகம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன். லிஃப்ட், ஜெனரேட்டர், கேமரா, பக்கத்துக் கட்டிடங்களைவிடக் கூடுதல் வாடகை எல்லாம் பார்த்து, புதுக்கோட்டையில் இது ஒன்றுதான் ஏ கிளாஸ் என்று நீ எடுத்துக் கொடுத்தாயே, அந்த வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன், போனில் சொல்ல வாய் வரவில்லை.

எதிர் வீட்டு அடைக்கலமேரி டீச்சர் போன மாதம் தூக்கத்திலேயே இறந்துபோனார். மகன் பெலிக்ஸ் கனடாவில், உடனே வர முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுப் போனதும் நம் குடியிருப்புச் சங்கச் செக்ரட்டரி அரவிந்த்குமார் என்னைத் தனியே கூப்பிட்டு, "கீழ வீடு வாங்குற பார்ட்டி வந்து நிக்கிறாங்க சார், சாவு விழுந்த எடம்னு பேராயிட்டா ஏ கிளாஸு பி கிளாஸா எறங்கிரும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி கொண்டுபோயிருவோம்" என்றார். லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையாது, மாடிப்படியில் திருப்ப முடியாது. டீச்சரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சால்வை போர்த்தி லிஃப்டில் இறக்கினோம். தலை சாயாமல் நான்தான் பிடித்துக்கொண்டேன், அந்தக் கை இன்னும் ஜில்லென்றே இருக்கிறது. ஒருத்தர்கூட வாய்விட்டு அழவில்லை. வீடு பார்க்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வேனில் ஏற்றியதும் என்னையறியாமல் "போயிட்டு வாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். செத்தவர்களைப் பார்த்து யாராவது வாங்க என்பார்களா? சாவு வீட்டிலிருந்து நாமே வாரேன் என்று சொல்லாமல்தானே கிளம்புவோம்.

அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் லிஃப்ட் நம் மாடியில் வந்து நிற்கிறது, கதவு திறக்கிறது, உள்ளே யாரும் இல்லை. மெக்கானிக் அய்யப்பன் பார்த்துவிட்டு ஒரு பழுதும் இல்லை என்கிறார். எனக்குத் தெரியும், நான் கூப்பிட்டேன், அவர் வருகிறார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த நேரத்துக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்கிறேன், இந்த மாடிக்கு வேறு யார் வருகிறார்கள் சொல். கந்தர்வக்கோட்டை போகிற ரோட்டில் ஒரு பழைய குடியிருப்பில் மாடி வீடு பார்த்து வைத்திருக்கிறேன். உன் கணக்கில் சி கிளாஸ்தான், லிஃப்ட் கிடையாது, மழைக்கு ஒழுகும், முழங்கால் கொஞ்சம் பாடுபடும். ஆனால் படி நல்ல அகலம், நாலு பேர் தோளில் வைத்துக்கொண்டு இறங்கலாம், வாசலில் பந்தல் போட்டால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மறுக்காமல் சரி என்று சொல்லம்மா.

பிள்ளையைத் திட்டாதே, வேளைக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போன தடவை ஊருக்குக் கிளம்பியபோது, கார் வந்துவிட்ட அவசரத்தில் "சரிப்பா" என்று மட்டும் சொல்லி லிஃப்டில் ஏறிவிட்டாய். போனிலாவது ஒரு தரம் "வாரேம்பா" என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
நல்லதம்பி