லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்

செஞ்சி
ஏப்ரல் 9

அன்புள்ள மகன் நேமிகுமாருக்கு,

நைனா எழுதுவது. இங்கே உன் அம்மா, மருமகள் இந்துமதி, நான் மூவரும் இருக்கிறோம். மஸ்கட் வெயிலில் நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய அருகன் அருளட்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் பட்டன் போனில் மஸ்கட்டுக்குப் பேச முடியாது. நீ கூப்பிடும்போது போன் இந்துமதி கையில் இருக்கிறது. அவள் ஸ்பீக்கரில் போட்டு உன் அம்மா காதருகே வைக்கிறாள். துணி துவைக்க வரும் சின்னப்பொண்ணுவும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். எல்லோர் காதிலும் விழும்படி சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

உன் சிவப்பு வண்டியைப் பற்றித்தான். நீ விட்டுப் போனபோது லிட்டருக்குப் பதிமூன்று கிலோமீட்டர் கொடுத்தது. ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு அதுவே அதிகம் என்று நீ சொன்னாய். இப்போது எட்டுதான் கொடுக்கிறது. திங்கட்கிழமைதோறும் உன் அம்மாவை விழுப்புரத்துக்குக் கைகால் பயிற்சிக்கு அழைத்துப் போகிறோமே, அதைத் தவிர வண்டி வேறெங்கும் போவதில்லை.

நீ போனில் சொன்ன வைத்தியத்தை எல்லாம் செய்துவிட்டேன். நான்கு டயரிலும் காற்று பார்த்தாயிற்று. ஏர் ஃபில்டர் புதிதாகப் போட்டாயிற்று. டிக்கியில் இருந்த பாட்டுப் பெட்டியைக் கழற்றி, பூட்டியிருக்கும் உன் மாடி அறையில் வைத்துவிட்டேன். 'ஸ்போர்ட்' பொத்தானை யாரும் அழுத்தக்கூடாது என்று டிரைவர் முருகையனிடம் சொன்னேன். அவன் அதைத் தொட்டதே இல்லை என்கிறான். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் சிக்கி ஒரு மணி நேரம் நின்றதால்தான் எண்ணெய் போனது என்று ஒரு வாரம் சொன்னான். மறுவாரம் அமாவாசை இல்லை. மைலேஜ் மட்டும் அதே எட்டு.

எனக்கு அவன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் ஷெட்டில் முன் சக்கரத்தடியில் சாக்பீஸால் கோடு போட்டேன். வண்டி ஓடிய கிலோமீட்டரையும் குறித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை போட்ட கோடு சனிக்கிழமை அப்படியே இருந்தது. கிலோமீட்டரும் மாறவில்லை. பெட்ரோல் முள் மட்டும் இறங்கியிருந்தது. வண்டி நகராமல் பெட்ரோல் எங்கே போகும்? குழாய் போட்டு உறிஞ்சுகிறான் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

நேற்று அவனிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இனி வரவேண்டாம் என்றேன். பதினாறு வருடமாக நம் டிராக்டரையும் ஓட்டியவன், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். குற்றமில்லாதவன் என்றால் கேட்டிருக்க மாட்டானா?

உன் அம்மாவுக்கு வாதம் வந்த வலது கை இன்னும் தூக்க வரவில்லை. பேச்சு இரண்டொரு சொல் தெளிகிறது. இந்துமதி பக்கத்திலேயே படுத்துப் பார்த்துக்கொள்கிறாள். உன் அறையின் ஏசி வீணாகக்கூடாது என்று பூட்டிச் சாவியை நானே வைத்திருக்கிறேன். கவலைப்படாதே. நம் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடு.

இப்படிக்கு
உன் நைனா
தர்மநாதன்


செஞ்சி
மே 13

அன்புள்ள நேமிகுமாருக்கு,

உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. அறையில் உடன் இருப்பவர்களுக்குக் காட்டாதே.

முருகையன் போய் ஒரு மாதமாகிறது. திங்கட்கிழமைக்கு மட்டும் வாடகை டிரைவர் வருகிறான், வந்த அன்றே சாவியை வாங்கிவிடுகிறேன். அப்படியும் பெட்ரோல் குறைகிறது. திண்டிவனம் சாலையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் ராஜாராமிடம் அந்த டிரைவரை வைத்து வண்டியைக் கொண்டுபோனேன். குழாய் விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்தான். இந்த மாதிரி வண்டியில் டேங்க் வாயிலேயே தடுப்பு இருக்கிறதாம், சாதாரணக் குழாய் உள்ளே போகாதாம். பிறகு ஸ்டியரிங் முன்னால் உள்ள திரையில் எதையோ அழுத்திக் காட்டினான். போனமுறை டேங்கை நிரப்பியதிலிருந்து வண்டியின் சராசரி வேகம் மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் என்று இருந்தது.

"விழுப்புரம் ரோட்டுல யாரு நைனாரே பதினாலுல போவாங்க? வண்டி நின்ன எடத்துலயே எஞ்சின் ஓடுது. யாரோ ஏசி போட்டுக்கினு உள்ள உக்காந்துகினு இருக்காங்க" என்றான் ராஜாராம்.

வாரத்தில் மூன்று நான்கு மணி நேரம் அப்படி ஓடினால் எட்டுக்கு இறங்கிவிடும் என்று கணக்கும் சொன்னான்.

ஒரு சாவி என்னிடம். இன்னொன்று ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணியில். அதைத் தொடக்கூடியவர் வீட்டில் ஒருவர்தான்.

நேற்று மதியம் இரண்டு மணிக்கு, மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று நம் நெல் மண்டியில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஷெட் பக்கமிருந்து இந்துமதி வந்தாள். கையில் போன். முகம் சிவந்து, கண் வீங்கியிருந்தது. எங்கே போனாய் என்றேன். துணி காயப்போட என்றாள். அன்று சின்னப்பொண்ணு துணியை எல்லாம் காயப்போட்டு முடித்திருந்தாள். நான் போய் வண்டியின் முன்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சுதாரித்துக்கொள்வாள். பட்டப்பகலில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, வீட்டில் யாருக்கும் கேட்காமல் உட்கார்ந்து பேசவேண்டிய பேச்சு என்ன, யாருடன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீ மதியத்தில் கூப்பிடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். நாளை மறுநாள் மறுபடியும் வந்து பார்க்கப்போகிறேன். அதுவரை நீ அவளிடம் எதையும் காட்டிக்கொள்ளாதே.

இப்படிக்கு
உன் நன்மையையே நினைக்கும்
நைனா


செஞ்சி
மே 18

என் மகன் நேமிக்கு,

பதின்மூன்றாம் தேதி போட்டு நான் அனுப்பிய கடிதம் இன்னும் வரவில்லை என்றால், வரும்போது பிரிக்காமல் கிழித்துப் போடு. படித்துவிட்டாய் என்றால் அதில் இருந்ததை இந்துமதியிடம் எந்தக் காலத்திலும் கேட்காதே. அதைத் திரும்ப வாங்க முடியுமா என்று தபால் ஆபீசில் கேட்டேன். பை போய்விட்டது என்றார்கள். அதனால் இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

இந்துமதி மயங்கி விழுந்தாள், இப்போது நன்றாக இருக்கிறாள் என்று போனில் சொன்னேன் அல்லவா, அது முழு உண்மை இல்லை.

பதினைந்தாம் தேதி இரண்டு மணிக்கு நான் பின்வழியாக வந்தேன். ஷெட்டின் ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. உள்ளே எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. உடனே தூக்கியிருக்கலாம். நான் தூக்கவில்லை. அவள் யாருடன் பேசுகிறாள் என்று கேட்க வேண்டுமே. சுவரோடு ஒட்டி நின்றேன். பத்து நிமிடம் நின்றிருப்பேன் நேமி. பேச்சுச் சத்தமே வரவில்லை.

அப்புறம்தான் ஷட்டரைத் தூக்கினேன். புகை மூஞ்சியில் அடித்தது. சீட்டைச் சாய்த்துப் போட்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண்ணாடியைத் தட்டினேன், எழவில்லை. என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்து எஞ்சினை நிறுத்தி, தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்தாள். யார் என்று தெரியாதவள் போல என்னைப் பார்த்துவிட்டு வாந்தி எடுத்தாள்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. என் பட்டன் போனில் கண்ணை மூடிக்கொண்டு நான் அழுத்தக்கூடிய நம்பர் ஒன்றுதான், முருகையனுடையது. எடுப்பானா என்று பயந்தேன். எடுத்தான். கேட்ட மாத்திரத்தில், வயலில் இருந்தவன் சேற்றுக் காலோடு யாருடைய பைக்கிலோ ஏறி வந்துவிட்டான். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"கண்ணாடிய எல்லாம் எறக்கி விடுங்க நைனாரே, காத்து வரட்டும். மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்றான்.

ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் ஆக்சிஜன் வைத்தார்கள். மூடிய இடத்தில் வண்டிப் புகை ரத்தத்தில் கலந்துவிட்டது, இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, மனசு வெறுத்துப்போய்ச் செய்துகொண்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

சாயங்காலம் அவளுக்குப் பேச்சு வந்ததும் நானே கேட்டேன், ஏம்மா வண்டியில் போய்ப் படுத்தாய் என்று.

"தூங்கத்தான் மாமா போனேன். ஒரு முக்கா மணி நேரம், யாரும் கூப்டாம. அத்தைய சின்னப்பொண்ணு பாத்துக்கும்" என்றாள்.

முன்பெல்லாம் ஷட்டரை ஏற்றியே வைத்திருப்பாளாம். அப்படியானால் அன்றைக்கு ஏன் இறக்கினாய் என்றேன். "நீங்க வந்து பாப்பீங்கன்னு" என்றாள்.

தை மாதம் உன் அம்மா விழுந்த நாளிலிருந்து அவள் இரவில் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. நான் கூடத்தில் ஃபேன் போட்டுப் படுத்துக் குறட்டை விடுகிறேன். இந்த மூன்று நாளாக உன் அம்மா பக்கத்தில் நான் படுக்கிறேன். நேற்று இரவு பதினொரு முறை கூப்பிட்டாள். தண்ணீர், முதுகு, கால், மறுபடி தண்ணீர். காலையில் மண்டிக்குப் போய் மூட்டை மேலேயே தூங்கிவிட்டேன். மூன்று நாளுக்கே இப்படி. அவள் நாலு மாதம் பார்த்திருக்கிறாள். வீட்டில் மாடி அறை இருந்தது, ஏசி இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது.

உன் அம்மாவுக்கு இது தெரிந்திருக்கிறது. நான் கேட்டபோது இடது கையைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டினாள். அந்த நேரத்தில் மட்டும் கூப்பிடாமல் இருந்திருக்கிறாள்.

முருகையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வீட்டு வாசலில், அவன் மனைவி முன்னால் கேட்டேன். அவள் உட்காரச் சொல்லவில்லை. அவன் மட்டும், திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்றான். வண்டியில் எந்தக் குறையும் இல்லை. அதை விற்பதா வைத்துக்கொள்வதா என்பது உன் இஷ்டம், நான் இனி அதன் முள்ளைப் பார்க்கமாட்டேன். பகலுக்கும் இரவுக்கும் சேர்த்து ஒரு நர்ஸ் அம்மாவை விசாரித்திருக்கிறேன்.

இந்துமதி இரண்டு நாள் தொண்டூருக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டாள். உனக்கு எப்போது வரத் தோன்றுகிறதோ அப்போது வா என்று அனுப்பி வைத்தேன். பையில் அவள் எடுத்துப் போன துணி இரண்டு நாளைக்கு அதிகம். எண்ணிப் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன், கண் போய்விட்டது. டாக்டர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் சொன்னதை நான் நம்புகிறேன். நம்புவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

முடிந்தால் பத்து நாள் லீவு கேட்டு வா. செஞ்சிக்கு வராதே, நேரே தொண்டூருக்குப் போ. அதற்குள் போனில் பேசினால் எப்போது வீட்டுக்குத் திரும்புவாய் என்று அவளைக் கேட்காதே. மைலேஜ், வண்டி, நைனா, எதையும் கேட்காதே. தூங்கினாயா என்று மட்டும் கேள். அவள் பதில் சொல்லும் வரை போனை வைக்காதே.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். அதைச் சொல்ல இப்போது எனக்கு வாய் கூசுகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

உன் நைனா