சமூகம்தான் படிக்குதுங்க

அண்ணா,

நேற்று மத்தியானம் உன் மச்சினன் தன் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். பேளுக்குறிச்சியில் மினி லாரி ஓட்டுகிறாரே, அண்ணியின் தம்பி, அவர்தான். எந்தப் படிப்புக்கு எவ்வளவு செலவு, முடித்தால் என்ன சம்பளம் என்று யாரோ வரிசை போட்டு வைத்திருந்தார்கள். விரலால் தள்ளிக்கொண்டே போனார். நர்சிங் போனது, பி.காம் போனது, இன்னும் என்னென்னவோ போயின. கிட்டத்தட்ட அடியில் சோசியாலஜி கிடந்தது.

“ஏனுங்க, நீங்களே பாருங்க. இதுக்குப் போயி காலேஜ் பீஸ் கட்டோணுமா?”

கேட்டது என்னிடம், பார்த்தது உன் மகளை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அத்தை படித்ததைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் முடிவு என்று அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கி வெளியே வீசியிருப்பேன்.

நீ என்னைக் கல்லூரியில் சேர்க்க நாமக்கல்லுக்குக் கூட்டிப்போன நாள்தான் ஞாபகம் வந்தது. மலை இறங்கும் கொண்டை ஊசி வளைவு முழுக்க எனக்கு வாந்தி. அங்கே போனால் வேறு எதிலும் இடமில்லை, சமூகவியலில் மட்டும் இருக்கிறது என்றார்கள். நீ உடனே சரி என்றாய். எழுத்தர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு நிமிராமலே கேட்டார்.

“சமூகம்?”

“ஆமாங்க, அதேதானுங்க. எந்தங்கச்சி சமூகம்தான் படிக்குதுங்க.”

“என்ன சாதின்னு கேட்டேன்யா!”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள், வரிசையில் நின்றவர்கள், எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. பிறகு ஒருநாள், சமூகம் என்றாலே சாதி என்று நம் பேச்சில் எப்படி ஆனது என்று வகுப்பில் பேசினார்கள். லீவுக்கு ஊருக்கு வந்ததும் உன்னிடம் சொன்னேன். மூங்கில் ஏணியைத் தோளில் வைத்தபடியே கேட்டுவிட்டு, “அப்ப நாஞ் சொன்னது தப்பில்லையே கண்ணு?” என்றாய்.

உன் மச்சினன் காட்டியது பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பொய்யில்லை, அதுதான் எரிச்சல். நம் மலையில் வாழவந்தி நாட்டு ஊர்களில் வீடு வீடாகப் போய், எத்தனை பேர் இருக்கிறீர்கள், கக்கூஸ் உண்டா, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்டு எழுதுகிற ஒப்பந்த வேலை எனக்கு. அடுத்த வருடம் வைத்துக்கொள்வார்களா என்பது நிச்சயமில்லை. அவருடைய லாரியில் மூட்டை ஏற்றுகிறவருக்கு என்னைவிட அதிகம் கிடைக்கிறது. அவரே அதை வாய்விட்டுச் சொன்னார். அதோடு நிறுத்தினாரா?

“உங்களப் படிக்க வெச்ச காசுல எங்க மாமா நெலம் வாங்கியிருக்கலாமுங்க.”

எங்க மாமாவாம்! செலவைப் பற்றிப் பேச இந்த மனிதருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என் விடுதிப் பணத்துக்காகத்தான் அடுத்தவர் தோட்டத்து மரங்களில் படர்ந்த மிளகைப் பறிக்க ஏற ஆரம்பித்தாய். நான் படித்து முடித்த பிறகும் நீ விடவில்லை. போன தை மாதம், மிளகைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரி ஏற்றிவிட்ட மரத்திலிருந்து விழுந்தாய். மரம் பனியில் நனைந்து வழுக்கியது. இடுப்பில் கட்டக் கயிறு இல்லை. சாயங்காலத்துக்குள் லாரி கிளம்ப வேண்டும் என்று அவர் விரட்டிக்கொண்டிருந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். வியாபாரி ஒரு கவரை நீட்டினார். அதை வாங்கி அண்ணி கையில் திணித்தவர் உன் மச்சினன்தான். “ஈர மரத்துல ஏறச் சொன்னது யாருங்க?” என்று நான் ஒருத்திதான் கேட்டேன். படிச்ச திமிரு என்று காதுபடவே பேசினார்கள். ஆமாம், படித்த திமிர்தான். எப்போதும் ஏழைகளே மரத்திலிருந்து விழுந்து சாகும்போது அதற்கு விதி என்று பேர் வைக்கக் கூடாது என்பதை அந்த உருப்படாத படிப்புதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இதற்கு என்ன சம்பளம் என்று அந்தப் போனில் போடவில்லை.

இவ்வளவையும் நேற்று விழுங்கிக்கொண்டேன். உன் மகளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“சம்பளம் கொறச்சல்தான் கண்ணு. வேலை கெடைக்கறதும் கஷ்டம். உங்க மாமன் சொல்றது நெசம்.”

அவள் தலையைத் தூக்கவில்லை.

“தெரியுமுங்க அத்தை. எங்கப்பா செத்ததை எல்லாரும் விதின்னுதான் சொன்னாங்க. நீங்க மட்டுந்தான் யாருன்னு கேட்டீங்க. எனக்கும் அப்படிக் கேக்கத் தெரியோணும்.”

உன் மச்சினன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பீஸை நான் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து கட்டப் போகிறேனோ தெரியவில்லை, கட்டுவேன்.

ஆனால் கோபம் ஆறவில்லை அண்ணா. அந்த வியாபாரிமேல் இருக்கிறது. கவரை வாங்கியவர்மேல் இருக்கிறது. உன்மேலும் இருக்கிறது. லீவுக்கு வரும்போதெல்லாம் படித்ததை உன்னிடம் ஒப்பித்தேனே, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாயே! அந்த ஈர மரத்தடியில் நின்று, ‘இன்னைக்கு ஏற மாட்டேனுங்க’ என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?